வடநாட்டு வறட்சியும் சில்லுமூக்கும்

தமிழகத்தை விட்டு உத்தியோகத்தின் பொருட்டோ வாணிபத்தின் பொருட்டோ தில்லி, ஜெய்ப்பூர், நாகபுரி முதலிய நகரங்களுக்கு வந்து குடியேறியவர்களுள் பலர், முதற் கோடையிலேயே ஒரு காட்சியைக் கண்டு திடுக்கிட்டிருப்பார்கள். காலையில் குழந்தையை எழுப்பச் சென்றால் தலையணை உறையில் இரத்தக் கறை. குழந்தையோ ஒன்றும் அறியாமல் உறங்கிக்கொண்டிருக்கும். ஊரில் பாட்டியிடம் தொலைபேசியில் சொன்னால், "சில்லுமூக்கு உடைந்திருக்கிறது, உடம்பில் சூடு ஏறிவிட்டது" என்று விடை வரும். அண்டை வீட்டு அம்மையாரோ "நக்சீர்" என்று சொல்லி, தலையில் குளிர்ந்த நீரை ஊற்றச் சொல்வார். ஈர மண்ணை முகரச் செய்வோரும் உண்டு. இத்தனை யோசனைகளுக்கும் நடுவில், செய்யவேண்டியது யாது, செய்யத்தகாதது யாது என்பதை அறியாமல் பெற்றோர் கலங்கி நிற்பர். இன்று அதனைக் குறித்தே சிறிது பேசுவோம்.

முதலில் மூக்கின் அமைப்பைத் தெரிந்துகொள்வது நலம். இரு துவாரங்களுக்கும் நடுவே உள்ள சுவரின் முன்பக்கத்தில், நுனிவிரல் எட்டும் தூரத்தில், பல நுண்ணிய இரத்தக் குழாய்கள் வலைபோல் ஒன்றுகூடுகின்றன. அவற்றை மூடியிருக்கும் தோல் மிக மெல்லியது. நாம் உள்ளே இழுக்கும் காற்றைச் சூடாக்கி, ஈரமாக்கி, நுரையீரலுக்கு அனுப்புவது மூக்கின் வேலைகளுள் ஒன்று. கடற்கரை ஊர்களில் காற்றே ஈரத்தோடு வருவதால் மூக்குக்கு அந்த வேலை எளிது. ஆனால் வைகாசி மாதத்தில் வடநாட்டில் வீசும் 'லூ' என்னும் அனற்காற்றிலோ ஈரம் மிகக் குறைவு. அக்காற்று உட்சுவரின் ஈரத்தை உறிஞ்சிவிடுகிறது. தோல் காய்ந்து, பொருக்குத் தட்டி, வெடிக்கிறது. குழந்தை விரலால் அப்பொருக்கைப் பெயர்த்தால், அல்லது பலமாகச் சிந்தினால், அடியிலுள்ள குழாய் உடைந்து இரத்தம் வருகிறது. மார்கழி, தை மாதங்களில் கதவுகளைச் சாத்திக்கொண்டு அறையில் மின்சாரக் கணப்பை எரியவிடும்போதும் இதே வறட்சி நேருகிறது. ஆகவேதான் சென்னையிலோ நாகப்பட்டினத்திலோ ஒருமுறையும் மூக்கு உடையாத குழந்தைக்கு இங்கே மாதம் இருமுறை உடைகிறது.

மூக்கிலிருந்து வரும் இரத்தப்போக்கில் பெரும்பகுதி இந்த முன்சுவரிலிருந்து வருவதே. பார்வைக்கு அச்சந்தருவதாயினும், எளிதில் நிற்கக்கூடியது. ஒரு கரண்டி இரத்தம் வெள்ளைத் துண்டில் பரவினால் ஒரு படி போலத் தோன்றும். ஆதலால் முதலில் வேண்டுவது மனத்திடம்.

இரத்தம் வரும்போது செய்யவேண்டியதைக் கூறுகிறோம். நோயாளியை நேராக உட்காரவைத்துத் தலையைச் சற்று முன்புறம் குனியச் செய்யவேண்டும். கட்டைவிரலாலும் ஆட்காட்டிவிரலாலும் மூக்கின் இரு பக்கங்களையும் சேர்த்து அழுத்திப் பிடிக்கவேண்டும். மேலே எலும்புள்ள பகுதியைப் பிடிப்பதால் பயனில்லை. அதற்குக் கீழே மெத்தென்றிருக்கும் பகுதியையே பிடிக்கவேண்டும். வாயினால் மூச்சுவிடவேண்டும். வாய்க்குள் இரத்தம் வந்தால் விழுங்காமல் துப்பிவிடவேண்டும். கடிகாரத்தைப் பார்த்து, 10 நிமிடம் முதல் 15 நிமிடம் வரையில் பிடியைத் தளர்த்தலாகாது. நின்றுவிட்டதா என்று நிமிடத்துக்கொருமுறை விட்டுப் பார்ப்பதே நம்மில் பலர் செய்யும் பிழை. ஒவ்வொரு முறை விடும்போதும் உறைய ஆரம்பித்த இரத்தம் மீண்டும் கலைந்துவிடுகிறது. முதல் முறையில் நிற்காவிடில் மீண்டும் ஒருமுறை அவ்வாறே பிடிக்கலாம். அதன் பின்னும் நிற்காவிடில், அதாவது அரைமணி நேரத்துக்குமேல் இரத்தம் வடியுமாயின், மருத்துவமனைக்குச் செல்லவேண்டியதே முறை.

தலையை அண்ணாந்து பார்க்கச் சொல்வதும், மல்லாக்கப் படுக்கவைப்பதும் தவறு. அப்பொழுது இரத்தம் நிற்பதில்லை. வெளியே வராமல் தொண்டைக்குள் இறங்குகிறது, அவ்வளவே. வயிற்றில் இறங்கிய இரத்தம் குமட்டலையும் வாந்தியையும் உண்டாக்கும். மூச்சுக்குழலில் இறங்கினால் அபாயம் பெரிது.

இதனை நாம் ஏட்டில் மட்டும் படித்து அறிந்தோமில்லை. சில ஆண்டுகளுக்கு முன் தில்லியில் ஒரு தை மாத இரவு. எமது அண்டை வீட்டில் திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பம் ஒன்று இருந்தது. பேரப்பிள்ளைகளைப் பார்க்க ஊரிலிருந்து வந்திருந்த பெரியவருக்கு எழுபது வயதுக்குமேல் இருக்கும். இரவு உணவுக்குப்பின் மூக்கிலிருந்து இரத்தம் வரத்தொடங்கியது. எல்லாரும் கூடினோம். அவரைப் படுக்கவைத்து நெற்றியில் ஈரத்துணி போட்டார்கள். மோவாயைப் பிடித்துத் தலையை மேலே நிமிர்த்தியவர்களுள் நாமும் ஒருவர். ஆடாதோடைக் கஷாயம் இரத்தத்தைக் கட்டும் என்று ஒருவர் சொல்ல, அடுப்பில் கஷாயம் ஏறியது. அது கொதித்துச் சுண்டும் வரையில் காத்திருந்தோம். முக்கால் மணி நேரம் சென்றபின் பெரியவர் கரிய இரத்தமாக வாந்தியெடுத்தார். பின்னரே வண்டியை அழைத்தோம்.

மருத்துவமனையில் டாக்டர் கேட்ட முதற் கேள்வி: "இவர் என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார்?" மகனுக்குத் தெரியவில்லை. "அப்பாவுக்கு ஒன்றும் இல்லை, நல்ல தேகம்" என்றார். பெரியவர் கையால் சைகை காட்டினார். அவருடைய துணிப்பையில் ஒரு மருந்துச் சீட்டு இருந்தது. இரண்டு ஆண்டுகளுக்கு முன்னரே இருதயத்துக்குச் சிகிச்சை பெற்று, இரத்தம் உறையாதிருக்க நாள்தோறும் மாத்திரை உட்கொண்டு வந்திருக்கிறார். வெகுதூரத்தில் இருக்கும் மகனுக்குக் கவலை தரவேண்டாமென்று சொல்லவில்லையாம். மூக்கினுள் பஞ்சடைத்து, இரண்டு நாள் வைத்திருந்து, பிழைத்து வீடு திரும்பினார். நாங்கள் திரும்பி வந்தபோது அடுப்பின்மேல் கஷாயம் ஆறிக்கிடந்தது.

அக்கஷாயத்தின்மீது குற்றமில்லை. அது தன் வேளையல்லாத வேளையில் அழைக்கப்பட்டது. இதனை ஆயுர்வேத நூல்களே நமக்குச் சொல்கின்றன என்பது பலருக்குத் தெரியாது.

மூக்கு, வாய் முதலிய வழிகளில் காயமின்றி இரத்தம் வெளிப்படுவதை ஆயுர்வேதம் 'இரத்த பித்தம்' என்று கூறுகிறது. சரக சம்ஹிதையின் சிகிச்சைப் பகுதியில் நான்காம் அத்தியாயம் முழுவதும் இதற்கே உரியது. மேல்நோக்கி வருவது, கீழ்நோக்கி வருவது, இரு வழியும் வருவது என்று அதனைப் பகுத்து, முதலாவது தீரக்கூடியது, இரண்டாவது அடக்கிவைக்கக்கூடியது, மூன்றாவது தீர்வதரிது என்று சொல்லப்படுகிறது. அதாவது, எல்லா இரத்தப்போக்கும் ஒன்றல்ல என்பதைப் பண்டை வைத்தியர் நன்கு அறிந்திருந்தனர். இந்நோய் விரைந்து முற்றக்கூடியதென்றும், காரணத்தையும் குறிகளையும் உணர்ந்தவனே தாமதமின்றிச் சிகிச்சை செய்யவேண்டுமென்றும் அந்நூல் எச்சரிக்கிறது. 'நிதான பரிவர்ஜனம்', அதாவது நோயின் காரணத்தை விலக்குதல், என்பது ஆயுர்வேதத்தின் அடிப்படைக் கொள்கைகளுள் ஒன்று. காரணத்தைக் கேளாமல் கஷாயத்தை மட்டும் கேட்பது அந்நெறிக்கே மாறானது.

அங்ஙனமாயின், அடிக்கடி சில்லுமூக்கு உடைபவர்க்கு ஆயுர்வேதம் எவ்விதத்தில் துணைபுரியும்? இரத்தம் வடியும் வேளையில் அன்று, வடியாத நாட்களில். இதனை மூன்று வகையாகக் காணலாம்.

முதலாவது, மூக்கின் ஈரத்தைக் காத்தல். மூக்கினுள் நெய்ப்புப் பொருளைச் சிறிதளவு நாள்தோறும் இடுவதை 'பிரதிமர்ச நஸ்யம்' என்று ஆயுர்வேதம் தினசரி ஒழுக்கங்களுள் ஒன்றாக வைத்திருக்கிறது. இக்கால மருத்துவரும், உறங்கப் போகுமுன் மூக்கின் முன்சுவரில் வாசலைன் போன்ற களிம்பைத் தடவச் சொல்கிறார்கள். உப்புநீர்ச் சொட்டுகளை விடச் சொல்கிறார்கள். வறண்ட தோலுக்கு நெய்ப்பும் ஈரமும் வேண்டும் என்பதில் இரு சாராரும் ஒன்றுபடுகிறார்கள். வீட்டில் உருக்கிய தூய நெய்யை அரிசியளவு எடுத்து, கழுவிய விரல்நுனியால் துவாரத்தின் முகப்பில் மெல்லத் தடவினால் போதும். மல்லாந்து படுத்து எண்ணெயைத் தாராளமாக ஊற்றிக்கொள்வது கூடாது. கைக்குழந்தைகளின் மூக்கில் எண்ணெய் விடும் வழக்கத்தை அறவே விட்டுவிடவேண்டும். அவ்வெண்ணெய் நுரையீரலில் இறங்கினால் கடுமையான நோய் உண்டாகும். அருகம்புற் சாறு, மாதுளம்பூச் சாறு ஆகியவற்றை மூக்கில் விடும் முறைகள் பழைய நூல்களில் உண்டு. எனினும், காய்ச்சாத பச்சைச் சாற்றைப் புண்பட்ட மூக்கில் வீட்டிலேயே விடுவது நோய்க்கிருமிகளுக்கு வழி திறப்பதாகும். அதனை நாம் பரிந்துரைக்கமாட்டோம்.

இரண்டாவது, உணவு. உறைப்பு, உப்பு, புளிப்பு, கொள்ளு போன்ற உஷ்ண பதார்த்தங்கள், வெயிலில் அலைதல் ஆகியவற்றை இந்நோய்க்குக் காரணமாகச் சரகர் கூறுகிறார். பழைய அரிசி, பச்சைப்பயறு, மைசூர்ப் பருப்பு ஆகியவற்றை ஏற்ற உணவாகக் குறிக்கிறார். புளிப்பு வேண்டுவோர்க்கு மாதுளையும் நெல்லிக்காயும் சொல்லப்பட்டிருக்கின்றன. புளிக்குழம்பின்றி ஒருவேளையும் உண்ணாத நம்மவர்க்கு இது நல்ல செய்தியே. கோடை மாதங்களில் வாரத்தில் சில நாளேனும் புளியைக் குறைத்து, பயற்றங்கூட்டும் நெல்லிக்காய்த் தயிர்ப்பச்சடியும் செய்யலாம். மோர், வெட்டிவேர் ஊறிய நீர், போதிய தண்ணீர் ஆகியவை வெயிற்கால வறட்சிக்கு ஏற்றவை. வடநாட்டார் விரும்பும் 'குல்கந்து' என்னும் ரோஜாப்பூச் சர்க்கரையும் குளிர்ச்சி தருவதாகக் கருதப்படுகிறது. நீரிழிவுடையோர் மட்டும் அதில் உள்ள சர்க்கரையை மறக்கலாகாது.

மூன்றாவது, மருந்து. இரத்த பித்தத்துக்கு நூல்கள் பெரிதும் போற்றுவது ஆடாதோடையையே. வடமொழியில் அதற்கு 'வாசா' என்று பெயர். வாசா கிருதம், வாசாவலேகம் என்ற பெயரில் நெய்யாகவும் லேகியமாகவும் கிடைக்கிறது. வேலியோரச் செடியாக நாம் அறிந்த இதனை இங்கே தேடுவோர் பெயரைத் தெரிந்துகொள்ளவேண்டும். இந்தியில் அடூஸா, மராத்தியில் அடுள்ஸா, வங்காளத்தில் பாசக், குஜராத்தியில் அரடூஸி என்பர். குஜராத்தில் இருப்போர் எச்சரிக்கையாயிருக்கவேண்டும்: அரடூஸி என்றால் ஆடாதோடை, ஈற்றெழுத்தை மாற்றி அரடூஸோ என்றால் முற்றிலும் வேறான ஒரு பெருமரம். ஓரெழுத்தில் மருந்து மாறிவிடும். அருகம்புல்லை இந்தியில் தூப் என்றும், வெட்டிவேரைக் கஸ் என்றும், நெல்லிக்காயை ஆவ்லா என்றும் கேட்டு வாங்கலாம்.

ஆடாதோடை வெறும் இலையன்று, வீரியமுள்ள மருந்து. அதிலுள்ள வாசிசின் என்னும் சத்து கருப்பையைச் சுருங்கச் செய்யும் தன்மையுடையது. ஆகையால் கருவுற்ற பெண்கள் அதனை உட்கொள்ளலாகாது. மற்றவர்களும், குறிப்பாகக் குழந்தைகளுக்குக் கொடுப்போர், பதிவுபெற்ற வைத்தியரிடம் அளவு கேட்டே கொடுக்கவேண்டும். தில்லியில் 2017-ஆம் ஆண்டு முதல் சரிதா விகாரில் அகில இந்திய ஆயுர்வேத நிறுவனம் இயங்கி வருகிறது. ஜெய்ப்பூரில் 1976-ஆம் ஆண்டு நிறுவப்பட்ட தேசிய ஆயுர்வேத நிறுவனம் உண்டு. இத்தகைய இடங்களில் முறையாகக் கற்ற வைத்தியரைக் காணலாம். தெருவோரத்தில் பொட்டலங்கட்டி விற்கும் பஸ்பங்களை நம்பலாகாது. ஈயமும் பாதரசமும் அளவுக்குமேல் கலந்த சரக்குகளால் சிறுநீரகமும் மூளையும் கெட்டவர்கள் உண்டு.

இன்னொன்றும் நேர்மையாகச் சொல்லவேண்டும். வடிந்துகொண்டிருக்கும் இரத்தத்தை இன்ன கஷாயம் இத்தனை நிமிடத்தில் நிறுத்தும் என்று உறுதிகூற எவராலும் இயலாது. அவ்வேளைக்கு உரிய மருந்து நமது இரு விரல்களே. பின்னர் வரும் நாட்களுக்கே பத்தியமும் நெய்யும் லேகியமும்.

இனி, காரணத்தை ஆராய வேண்டிய நிலைகளைக் குறிப்பிடுவோம். இவற்றுள் ஏதேனும் ஒன்று காணப்பட்டால், வீட்டு வைத்தியத்தில் நாட்களைக் கழிக்கலாகாது. தலையிலோ மூக்கிலோ அடிபட்டபின் இரத்தம் வருதல். இரத்தம் முன்னே வராமல் தொண்டைக்குப் பின்புறமாக இறங்கிக்கொண்டேயிருத்தல், முதியோரிடம் இது மிகுதி. ஈறுகளிலும் இரத்தம் கசிதல், தோலில் காரணமின்றிச் செந்நிறப் புள்ளிகளோ கன்றிய தடங்களோ தோன்றுதல். முகம் வெளுத்துத் தலைசுற்றல். குழந்தைக்கு ஒரே துவாரத்திலிருந்து துர்நாற்றமுள்ள நீரும் இரத்தமும் வந்தால், பட்டாணியோ பென்சில் துண்டோ உள்ளே சிக்கியிருக்கலாம். வாலிப வயதுப் பையனுக்கு ஒரு பக்க மூக்கு அடைத்து, அதிலிருந்தே அடிக்கடி இரத்தம் வருமாயின், மூக்கின் பின்புறத்தில் ஒருவகைக் கட்டி இருக்கலாம். காது மூக்கு தொண்டை நிபுணர் பார்த்தே ஆகவேண்டும்.

மழைக்காலம் முடிந்து ஐப்பசி, கார்த்திகையில் காய்ச்சலோடு மூக்கில் இரத்தம் வந்தால், 'சூடு' என்று சொல்லி ஒதுக்குவது பெரும் பிழை. அது டெங்குக் காய்ச்சலின் எச்சரிக்கைக் குறிகளுள் ஒன்றாயிருக்கலாம். அக்காய்ச்சலில் ஆஸ்பிரின், இபுபுரூபன் ஆகிய மாத்திரைகளைத் தாமாகவே உட்கொள்ளக்கூடாது. அவை இரத்தப்போக்கை மிகுவிக்கும்.

இரத்தக் கொதிப்பு உள்ளவர்கள், மூக்கில் இரத்தம் வந்து நின்றபின் அழுத்தத்தை அளந்து பார்த்துக்கொள்ளவேண்டும். இரத்தம் உறையாதிருக்க மாத்திரை சாப்பிடுவோர் ஒருமுறை மூக்கு உடைந்ததென்று அஞ்சித் தாமாகவே மாத்திரையை நிறுத்திவிடலாகாது. அதனால் இருதயத்துக்கோ மூளைக்கோ கேடு நேரலாம். கொடுத்த டாக்டரே அதனை முடிவுசெய்யவேண்டும். ஆயுர்வேத மருந்து உட்கொள்வதாயின் டாக்டரிடமும், டாக்டர் மருந்து உட்கொள்வதாயின் வைத்தியரிடமும் மறைக்காமல் சொல்வது கடமை.

வீட்டில் எளிதாகச் செய்யக்கூடியவை சில உண்டு. குழந்தைகளின் நகத்தைக் குட்டையாக வெட்டிவிடுங்கள். கணப்பு எரியும் அறையில் அகன்ற பாத்திரத்தில் நீர் வையுங்கள். காற்று அறவே அடைபடாதபடி சாளரத்தைச் சிறிது திறந்து வையுங்கள். கோடையில் நண்பகல் வெயிலில் செல்லும்போது மூக்கையும் வாயையும் மெல்லிய துணியால் மூடிக்கொள்ளுங்கள். இராஜஸ்தானத்துக் கிராமத்தார் தலைப்பாகை நுனியால் முகத்தை மூடிக்கொள்வது அனுபவத்தால் கற்ற பாடமே. மூக்கு உடைந்து நின்றபின் ஒருநாள் முழுவதும் மூக்கைச் சிந்தாமலும், பளு தூக்காமலும், கொதிக்கக் கொதிக்கக் காப்பி பருகாமலும் இருப்பது நல்லது.

நிறைவாக ஒன்று. ஊரைவிட்டு வெகுதூரம் வந்து வாழும் நமக்குப் பெற்றோரின் நலன் தொலைபேசிக் குரல் வழியாகவே தெரிகிறது. "சௌக்கியமா?" என்று கேட்கிறோம்; "சௌக்கியந்தான்" என்று சொல்கிறார்கள். இருவர்க்கும் அன்பு மிகுதி. அதனாலேயே உண்மை மறைந்துவிடுகிறது. அடுத்த முறை பேசும்போது, அவர்கள் உட்கொள்ளும் மாத்திரைகளின் பெயர்களை ஒவ்வொன்றாகக் கேட்டு ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் இங்கே வரும்போது அத்தாள் சுவரில் தொங்கட்டும். அன்று தில்லியில் அப்பெரியவரின் வீட்டில் இல்லாமற்போனது அந்த ஒரு தாளே. ஆடாதோடை இருந்தது, அன்பும் இருந்தது.

மூக்கில் இரத்தம் வந்தால் முதலில் விரல்கள், அடுத்து, காரணம் என்ன என்ற கேள்வி, அதன்பின் மருந்து. இந்த வரிசையை நினைவில் வைத்துக்கொண்டால், வடநாட்டுக் கோடையும் குளிரும் நம் இல்லத்துக் குழந்தைகளையும் முதியோரையும் அதிகம் வருத்தமாட்டா.